பழுது நீக்கிய விண்கலம் மீண்டும் ஆட்களோடு பறக்க ஏன் இத்தனை காலம்?

மட்டக்களப்பில் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் ஒரு மாணவி மூன்று கேள்விகளைச் சேர்த்து எழுதியனுப்பியிருக்கிறார். சேலஞ்சர் விண்ணோடத்தில் பழுதானது ஓர் இறப்பர் வளையம் என்றால், அதை மாற்றிவிட்டு மறுமாதமே பறக்காமல் 32 மாதங்கள் காத்திருந்தது ஏன்? கொலம்பியா விபத்துக்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் செலவிட்டுத் திருத்தியும், 2005இல் முதலில் பறந்த கலத்திலேயே மறுபடி நுரைத்துண்டு உடைந்து விழுந்தது எப்படி? அப்படியானால், 'திருத்தம் முடிந்தது, இனி ஆட்களை ஏற்றலாம்' என்று யார், எதை ஆதாரமாக வைத்துச் சொல்கிறார்கள்?

மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. உடைந்த பாகத்தை மாற்றுவது வேலையின் சிறிய பகுதி. அது ஏன் உடைந்தது என்று ஐயமில்லாமல் நிறுவுவதும், புதிய பாகம் மிக மோசமான நிலையிலும் தாங்கும் என்று காட்டுவதும், அதே காரணத்தால் நாளை உடையக்கூடிய வேறு பாகங்கள் எவை என்று தேடுவதும்தான் காலத்தை எடுத்துக்கொள்கின்றன. இவற்றுள் கடைசி வேலைதான் அடிக்கடி அரைகுறையாக நின்றுபோகிறது. கேள்வி இரண்டுக்கான விடை அதற்குள்தான் கிடக்கிறது.

முதலில் அந்த வளையத்தை எடுத்துக்கொள்வோம். 1986 ஜனவரி 28 அன்று, ஏவப்பட்ட 73ஆவது விநாடியில் சேலஞ்சர் சிதறி, அதிலிருந்த எழுவரும் இறந்தார்கள். விண்ணோடத்தின் இரு பக்கங்களிலும் பொருத்தப்படும் திண்ம எரிபொருள் ரொக்கெட்டுகள் ஒரே துண்டாகச் செய்யப்படுபவை அல்ல. யூட்டா மாநிலத்தில் துண்டு துண்டாக வார்க்கப்பட்டு, புகையிரதத்தில் புளோரிடாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பொருத்தப்படுபவை. ஏறத்தாழ 3.7 மீற்றர் விட்டமுள்ள அந்த உருளைகள் சேரும் இடத்தில், மேல் துண்டின் விளிம்பு கீழ்த் துண்டின் விளிம்பிலுள்ள பள்ளத்துக்குள் இறங்கும். உள்ளே எரியும் வாயு வெளியே கசியாதபடி அந்தப் பொருத்தில் இரண்டு வளையங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் தடிப்பும் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர், அவ்வளவுதான்.

எரியூட்டியதும் உள் அமுக்கம் ஒரு விநாடிக்குள் மிகப் பெரிய அளவுக்கு ஏறும். உருளையின் சுவர் வெளிப்புறமாகப் புடைக்கும். பொருத்து இருக்கும் இடம் தடிப்பானது என்பதால் அது அதே அளவுக்குப் புடைக்காது. ஆகவே பொருத்தின் அருகே சுவர் மெல்ல வளைகிறது, வளைவதால் பொருத்து வாய் திறக்கிறது. வாயு அமுக்கம் ஏற ஏற இறுக மூடிக்கொள்ள வேண்டிய இடம், அதற்கு நேர்மாறாக விரிகிறது. அந்த இடைவெளியை விநாடியின் ஒரு பின்னத்துக்குள் வளையம் விரிந்து நிரப்ப வேண்டும். குளிரில் இறப்பர் அந்த வேகத்தை இழந்துவிடும். இருபது பாகையே குளிர் என்று போர்த்திக்கொள்ளும் நமக்கு நினைத்துப் பார்ப்பது கடினம். அன்று காலை ஏவுதளத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ். றிச்சட் ஃபைன்மன் என்ற பௌதிகவியலாளர் விசாரணை ஆணைக்குழுவின் முன்னிலையில், அந்த இறப்பரின் ஒரு துண்டை இடுக்கியால் அழுத்தி ஐஸ் நீரில் அமிழ்த்தி, வெளியே எடுத்தபின் அது பழைய வடிவத்துக்கு உடனே திரும்பாமல் கிடப்பதைக் காட்டினார்.

இப்போது 'வளையத்தை மாற்றினால் போதாதா?' என்ற கேள்வியைத் திரும்பப் பாருங்கள். வளையங்கள் ஒவ்வொரு பறப்புக்கும் புதிதாகத்தான் போடப்பட்டன. சேலஞ்சரில் இருந்தவையும் புதியவையே. பிழை வளையத்தில் மட்டும் இல்லை, விரியக்கூடாத இடத்தில் விரியும் பொருத்தின் வடிவமைப்பில் இருந்தது. ஆகவே பொருத்தையே மாற்ற வேண்டியிருந்தது. மேல் துண்டின் விளிம்பில் உட்புறமாக இன்னோர் உலோக உதடு சேர்க்கப்பட்டது. சுவர் வளைந்தாலும் வாய் திறக்காதபடி அது பிடித்துக்கொள்ளும். மூன்றாவது வளையம் ஒன்று வந்தது. பொருத்தைச் சூழ மின்வெப்பமாக்கிகள் வந்தன. சூடான வாயு வளையங்கள் வரை வந்து சேரவே கூடாது என்பதற்காக உட்புறக் காப்புப் பொருளின் வடிவமும் மாறியது.

வரைபடத்தில் இவ்வளவையும் போட்டுவிட்டால் பறக்கலாமா? முழு அளவு ரொக்கெட்டை யூட்டாவில் தரையில் படுக்கவைத்து எரித்துப் பார்க்க வேண்டும். 1987 டிசெம்பரில் அப்படி எரித்தபோது, பொருத்துகள் நன்றாக வேலை செய்தன. ஆனால் வாயு வெளியேறும் குழலின் அருகில், புதிதாக மாற்றியமைத்திருந்த இன்னொரு பாகம் சிதைந்துபோனது. திருத்தம் தன்னோடு ஒரு புதுப் பழுதையும் கொண்டுவரக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். அந்தப் பாகத்தைக் கைவிட்டு வேறொன்றைப் போட்டார்கள். காலஅட்டவணை இன்னும் பின்னுக்குப் போனது.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் மதிப்பது 1988 ஓகஸ்டில் நடந்த பரிசோதனையை. காப்புப் பொருளிலும் வளையங்களிலும் வேண்டுமென்றே குறைகளை ஏற்படுத்தி, சூடான வாயு உள்ளே புகுவதற்கு வழிவிட்டு, அந்த நிலையில் முழு ரொக்கெட்டையும் எரித்தார்கள். சரியாகச் செய்த பொருள் சரியாக வேலை செய்யும் என்று காட்டுவது எளிது. பிழையாகப் பொருத்தப்பட்டாலும் மேலே இருப்பவர்களைக் கொல்லாது என்று காட்டுவதே நிரூபணம். அது முடிந்த பிறகுதான், 1988 செப்டெம்பர் 29 அன்று டிஸ்கவரி என்ற விண்ணோடம் ஐந்து பேருடன் ஏறியது. ஐவரும் முன்பே விண்வெளிக்குப் போய்வந்தவர்கள்.

அந்த 32 மாதங்களில் பொருத்தைத் தவிர வேறு பல பாகங்களும் பிரித்துப் பார்க்கப்பட்டன. பிரதான இயந்திரங்கள், தரையிறங்கும் சில்லுகளின் தடுப்புகள், பெரிய தாங்கியிலிருந்து எரிபொருள் வரும் குழாயின் வால்வு எல்லாம் திருத்தப்பட்டன. வீரர்களுக்கு அமுக்க உடை மீண்டும் கொடுக்கப்பட்டது. வெளியே குதிப்பதற்கு ஒரு வளைந்த கம்பமும் பொருத்தப்பட்டது. ஆனால் கலம் கட்டுப்பாட்டோடு மிதந்து இறங்கும்போது மட்டுமே அந்தக் கம்பம் பயன்படும். சேலஞ்சரின் எழுவரை அது காப்பாற்றியிருக்காது. சில திருத்தங்கள் நடந்த விபத்துக்கானவை, சில இன்னும் நடவாத விபத்துக்கானவை. இரண்டாவது வகைக்குப் பணம் ஒதுக்க வைப்பது எப்போதும் கடினம். ஒரு பெரிய இழப்புக்குப் பின்பே அது கிடைக்கிறது என்பது எனக்கு இன்றும் வேதனை தரும் விடயம்.

திருத்த வேண்டியிருந்த இன்னொன்று உலோகத்தாலானது அல்ல. ஏவுதலுக்கு முந்திய இரவு, ரொக்கெட்டைத் தயாரித்த தியோக்கோல் நிறுவனத்தின் பொறியியலாளர்கள் தொலைபேசி மாநாட்டில், 12 பாகைக்குக் குறைந்த குளிரில் ஏவ வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு ஜனவரியில் ஏறத்தாழ அந்த வெப்பநிலையில் ஏவப்பட்ட பறப்பில், முதல் வளையத்தைத் தாண்டி வாயு கசிந்திருந்தது. நாசா முகாமையாளர்கள் அந்தப் பரிந்துரையைக் கடுமையாக எதிர்த்துக் கேள்வி எழுப்ப, நிறுவனத்தின் முகாமையாளர்கள் தங்கள் பொறியியலாளர்களைத் தள்ளிவைத்துவிட்டுச் சம்மதம் கொடுத்தார்கள். வழக்கமாக, 'பாதுகாப்பானது என்று காட்டு, பிறகு பறக்கலாம்' என்பதே கேள்வி. அந்த இரவில் அது, 'ஆபத்தானது என்று காட்டு, இல்லையேல் பறப்போம்' என்று தலைகீழானது. போதிய தரவு இல்லாத ஒருவரால் முதல் கேள்விக்கும் விடை சொல்ல முடியாது, இரண்டாவதற்கும் சொல்ல முடியாது. ஆனால் முதல் கேள்வியில் அவருடைய மௌனம் கலத்தைத் தரையில் நிறுத்தும்; இரண்டாவதில் அதே மௌனம் கலத்தை ஏவிவிடும்.

இந்தத் தலைகீழ் மாற்றம் கொலம்பியாவிலும் நடந்தது என்பதுதான் மிகவும் வருந்தத்தக்கது. விண்ணோடத்தின் பெரிய வெளித்தாங்கியில் மறை 253 பாகையில் திரவ ஐதரசனும் மறை 183 பாகையில் திரவ ஒட்சிசனும் இருக்கும். வெளியே பனிக்கட்டி படியாமல் இருக்கத் தாங்கியின் மேல் காப்பு நுரை பூசப்படும். பரப்பின் பெரும்பகுதிக்கு இயந்திரம் நுரையைத் தெளிக்கும். மேடு பள்ளமான இடங்களில் மனிதக் கையால் தெளித்துச் செதுக்க வேண்டும். அப்படிக் கையால் செய்த இடங்களில் உள்ளே சிறு வெற்றிடங்கள் தங்கிவிடும். அந்த நுரை உடைந்து விழுவது ஆரம்ப காலத்திலிருந்தே கண்ட சங்கதி. 2002 ஒக்டோபரில் பறந்த அட்லாண்டிஸில், தாங்கியையும் கலத்தையும் இணைக்கும் கால்களின் அடியிலுள்ள நுரைச்சரிவு உடைந்து திண்ம ரொக்கெட்டைத் தாக்கியது. அதை விசாரித்துத் தீர்க்கும்வரை நிறுத்த வேண்டிய கோளாறாகக் கருதாமல், பறப்புகள் தொடர்ந்தன.

2003 ஜனவரி 16 அன்று, கொலம்பியா ஏவப்பட்ட ஏறத்தாழ 82ஆவது விநாடியில், அதே இடத்து நுரை முக்கால் கிலோகிராம் அளவு உடைந்து, இடது சிறகின் முன்விளிம்பில் மோதியது. கலம் மேலே இருந்த 16 நாட்களில், சிறகைப் படம் பிடித்துப் பாருங்கள் என்று பொறியியலாளர்கள் கேட்டது நிறைவேறவில்லை. பெப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட எழுவர் மாண்டார்கள். இலேசான நுரை இவ்வளவு செய்யுமா என்று பலர் நம்ப மறுத்தார்கள். அந்த ஆண்டு ஜூலையில், வாயுத் துப்பாக்கியொன்றிலிருந்து நுரைக்கட்டியை அதே வேகத்தில் சிறகின் காபன் பலகைமீது எறிந்து பார்த்தபோது, ஏறத்தாழ 40 சென்ரிமீற்றர் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அதோடு விவாதம் ஓய்ந்தது. விசாரணைச் சபை 2003 ஓகஸ்டில் 29 பரிந்துரைகளை வெளியிட்டு, அவற்றுள் 15ஐ மறுபடி பறப்பதற்கு முன்பே நிறைவேற்ற வேண்டும் என்றது.

மறுபறப்புக்கு நாசா செய்த ஆயத்தம் இரண்டு விதமானது. ஒன்று, நுரை விழுவதைக் குறைப்பது: உடைந்த அந்தச் சரிவை முற்றாக நீக்கிவிட்டு, அங்கே பனி பிடிக்காமலிருக்க மின்வெப்பமாக்கிகளை வைத்தார்கள். மற்றது, நுரை விழுந்தாலும் உயிர் போகாமல் பார்ப்பது: ஏறும்போது பல கோணங்களிலிருந்து படம் பிடிப்பது, 15 மீற்றர் நீளமான கோலின் நுனியில் கமராவும் லேசர் கருவியும் பொருத்திச் சிறகை மேலே வைத்தே பரிசோதிப்பது, சர்வதேச விண்வெளி நிலையத்தை நெருங்கும்போது கலத்தைத் தலைகீழாகப் புரட்டி அதன் வயிற்றுப்புறத்தை நிலையத்திலிருப்பவர்கள் படம் எடுக்கக் காட்டுவது, திரும்ப முடியாத அளவுக்குச் சேதம் இருந்தால் மீட்புக்கு இன்னொரு விண்ணோடம் வரும்வரை நிலையத்திலேயே தங்குவது. ஒரு பழுதை அடியோடு ஒழிக்க முடியாதபோது, அதைக் கண்டுபிடிக்கும் கண்ணையும் தப்பிப் புகுவதற்கு ஓர் இடத்தையும் உண்டாக்குவது நேர்மையான வழி என்று நான் கருதுகிறேன்.

இந்த வேலைகளைச் சரிபார்க்க, அப்பல்லோ 10இன் தளபதி தோமஸ் ஸ்டாஃபர்ட், 1988இல் மறுபறப்பாகப் பறந்த டிஸ்கவரியின் விமானி றிச்சட் கவி ஆகிய இருவர் தலைமையில் நாசாவுக்கு வெளியே ஒரு குழு அமைக்கப்பட்டது. 15இல் 12 நிறைவேறின, மூன்று முழுமையாக நிறைவேறவில்லை என்று அந்தக் குழு வெளிப்படையாக அறிவித்தது. நுரை விழுவதை அறவே நிறுத்துதல், மோதலைத் தாங்கும்படி கலத்தை வலுப்படுத்துதல், சேதத்தை மேலே வைத்தே பழுது பார்த்தல் ஆகியவையே அந்த மூன்றும். அதாவது, பட்டியல் முழுமையாகாமலேயே பறக்கும் முடிவு எடுக்கப்பட்டது. ஆனால் அது மறைக்கப்படவில்லை. எது மிச்சமிருக்கிறது என்று பறந்தவர்களுக்குத் தெரியும்.

2005 ஜூலை 26 அன்று ஐலீன் கொலின்ஸ் தலைமையில் டிஸ்கவரி ஏறியது. இரண்டு நிமிடம் கடந்த சிறிது நேரத்தில், தாங்கியின் பக்கவாட்டில் ஓடும் குழாய்களைக் காற்றின் வேகத்திலிருந்து காக்கும் நீண்ட நுரைச்சரிவிலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோகிராம் துண்டு பிய்ந்து பறந்தது. கலத்தில் படவில்லை, அந்த உயரத்தில் காற்றும் மிக ஐதாகிவிட்டிருந்தது. இது கொலம்பியாவில் உடைந்த இடம் அல்ல. ஆனால் அதுவும் கையால் தெளித்த நுரை. அதை நீக்கலாமா என்று முன்பே ஆராய்ந்து, இப்போதைக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

எங்கள் மட்டக்களப்பு, அம்பாறை வயல்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாரி வெள்ளத்தில் குளக்கட்டு ஓரிடத்தில் உடைத்துக்கொண்டால், மண்மூட்டை அடுக்கி அந்த உடைப்பை அடைப்பது அன்றைய வேலை. வெள்ளம் வடிந்தபின் வட்டவிதானையும் வயல்காரரும் கட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து, எலிவளை எங்கே, கசிவு எங்கே, மரவேர் உக்கிய இடம் எங்கே என்று பார்ப்பது அடுத்த போகத்துக்கான வேலை. நாசா உடைப்பை மிக நன்றாக அடைத்தது. கட்டு முழுவதையும் நடக்கவும் செய்தது. நடந்த இடத்தில் கண்ட ஒரு கசிவை, இதுவரை உடையவில்லையே என்று விட்டுவிட்டது. நடந்து பார்ப்பது மட்டும் போதாது. கண்டதை ஏன் விட்டுவைக்கிறோம் என்பதற்கும், உடைந்த இடத்துக்குக் கேட்ட அதே அளவு ஆதாரம் கேட்க வேண்டும். மகள், உங்கள் இரண்டாம் கேள்விக்கு என்னிடமுள்ள விடை இதுதான்.

அந்தப் பறப்பு வீண்போகவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதிய கமராக்கள் நுரை விழுந்ததை உடனே காட்டின. வயிற்றுப்புறத்தைப் படம் எடுத்தபோது, வெப்பத் தடுப்பு ஓடுகளுக்கு இடையிலிருந்து இரண்டு இடங்களில் நிரப்பித் துணி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்து, ஸ்டீவ் றொபின்சன் கலத்தின் அடிப்புறம்வரை சென்று கையாலேயே அவற்றை உருவி எடுத்தார். கண் நன்றாக வேலை செய்தது. நாசா அடுத்த பறப்பை நிறுத்திவைத்து, அந்த நீண்ட சரிவையும் முற்றாக நீக்க ஓராண்டு எடுத்துக்கொண்டது.

மூன்றாம் கேள்விக்கு, யார் சொல்கிறார்கள் என்பதற்கு, 2006 ஜூனில் நடந்த கூட்டத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. நீண்ட சரிவை நீக்கிய பிறகும், தாங்கியில் சிறு சிறு நுரைமேடுகள் பல எஞ்சியிருந்தன. அவற்றைத் திருத்த இன்னும் மாதங்கள் தேவைப்பட்டன. நாசாவின் தலைமைப் பொறியியலாளர் கிறிஸ்தோபர் ஸ்கோலீஸும், பாதுகாப்புப் பிரிவின் தலைவர் பிறயன் ஓகொனரும் ஏவ வேண்டாம் என்று எழுத்தில் பதிவு செய்தார்கள். நாசாவின் நிர்வாகி மைக்கல் கிறிஃபின் அவர்களுடைய வாதத்தை முழுமையாகக் கேட்டபின், கலம் சேதமுற்றாலும் வீரர்கள் நிலையத்தில் தங்கலாம், ஆகவே பணயம் வைக்கப்படுவது கலமே, உயிர்கள் அல்ல என்று கூறி, ஏவும் பொறுப்பைத் தன் பெயரிலேயே ஏற்றார். மறுத்த இருவரும் அந்தக் காரணத்தால் மேலும் முறையிடாமல் விட்டார்கள். ஜூலை 4 அன்று கலம் ஏறியது, பத்திரமாகத் திரும்பியது.

கிறிஃபினின் முடிவு சரியா என்று என்னிடம் கேட்டால், நான் ஓகொனரின் பக்கமே சாய்வேன். கலம் பத்திரமாகத் திரும்பியது அந்த முடிவு சரியென்பதற்கு ஆதாரம் ஆகாது; சேலஞ்சருக்கு முன் அரிக்கப்பட்ட வளையங்களோடு பறந்தவர்களும் பத்திரமாகத்தான் திரும்பினார்கள். ஆனாலும் 1986இல் நடந்ததோடு ஒப்பிட்டால், வேறுபாடு மலையளவு. மறுப்புச் சொன்னவர்களின் பெயரும் காரணமும் பதிவாகின. மேலிடத்துக்கு அது போய்ச் சேர்ந்தது. யார் முடிவெடுத்தார், எந்த ஆபத்தை ஏற்று எடுத்தார் என்பது உலகறிய இருந்தது. இந்த ஒழுங்கோடு விண்ணோடங்கள் 2011வரை பறந்தன. 2005இலிருந்து கணக்கெடுத்தால் 22 பறப்புகள், ஓர் உயிரும் போகவில்லை.

மற்றைய உதாரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1967 ஜனவரி 27 அன்று, அப்பல்லோ 1 தரையில் ஒத்திகையில் இருக்கும்போதே தூய ஒட்சிசன் நிறைந்த அறைக்குள் தீப்பிடித்து மூவர் இறந்தனர். உட்புறமாகத் திறக்கும் கதவை உள்ளமுக்கம் அழுத்திப் பிடித்துக்கொண்டது. கதவை வெளிப்புறமாகச் சில விநாடிகளில் திறக்கும்படி மாற்றினார்கள், எரியக்கூடிய பொருட்களை அகற்றினார்கள். அதற்குப் பிறகு மாதிரி அறையொன்றில் வேண்டுமென்றே தீ மூட்டிப் பார்த்தபோது, தூய ஒட்சிசனில் தீ இன்னும் பரவியது. ஆகவே ஏவுதளத்தில் 60 வீதம் ஒட்சிசன், 40 வீதம் நைதரசன் என்று வாயுவையே மாற்றினார்கள். தங்கள் திருத்தம் போதாது என்று தாங்களே கண்டுபிடித்துக்கொண்டது அந்தக் குழுவின் பெருமை. 1968 ஒக்டோபரில் அப்பல்லோ 7 பறந்தது.

சோவியத் ஒன்றியத்தின் சோயுஸ் 11 கலத்தின் கதை வேறு விதமானது. 1971 ஜூனில் விண்வெளி நிலையத்திலிருந்து திரும்பும்போது, கலத்தின் பகுதிகள் பிரியும் அதிர்வில் ஒரு சிறு வால்வு திறந்து காற்று முழுவதும் வெளியேறியது. அமுக்க உடை இல்லாத மூவரும் இறந்தார்கள். உடை அணிந்தால், அதற்குக் காற்று கொடுக்கும் கருவிகளோடு மூவருக்கு இடம் போதாது. ஆகவே ஓர் இருக்கையைக் கைவிட்டார்கள். 1973 செப்டெம்பரில் சோயுஸ் 12 இருவருடன்தான் பறந்தது. மூன்றாமவருக்கு இடம் கிடைக்க 1980 ஆகிவிட்டது. திருத்தத்துக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யாரும் கொடுக்கவில்லை என்றால், திருத்தம் உண்மையில் நடந்ததா என்று ஐயப்படுவது நியாயம்.

காலம் நீண்டால்தான் நல்ல திருத்தம் என்றும் எண்ணிவிடக்கூடாது. 2018 ஒக்டோபர் 11 அன்று, சோயுஸ் ரொக்கெட் ஏறும்போதே பக்க ரொக்கெட் ஒன்று சரியாகப் பிரியாமல் மைய உடலில் மோதியது. தப்பிக்கும் பொறி இயங்கி இருவரையும் உயிரோடு இறக்கியது. பொருத்தும்போது ஓர் உணரியின் தண்டு 6 பாகைக்குச் சற்றுக் கூட வளைந்துபோனதே காரணம் என்று மூன்று வாரங்களுக்குள் நிறுவப்பட்டது. மற்ற ரொக்கெட்டுகளில் அதே தண்டைப் பரிசோதித்தார்கள்; நவம்பரில் அதே வகை ரொக்கெட் முதலில் சரக்குக் கலத்தை ஏற்றிச் சென்றது; டிசெம்பர் 3 அன்று மூவர் பறந்தார்கள். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அது அவசரம் அல்ல. பிழை வடிவமைப்பில் இல்லை, பொருத்திய கையில் இருந்தது; காரணம் கண்ணுக்குத் தெரிந்தது; ஆளில்லாமல் பறந்து காட்டவும் முடிந்தது.

இதற்கு நேரெதிர் நிலை, போயிங் நிறுவனம் நாசாவுக்காகச் செய்த ஸ்டார்லைனர் கலத்துடையது. 2024 ஜூன் 5 அன்று புட்ச் வில்மோரும் சுனிதா வில்லியம்ஸும் அதில் புறப்பட்டார்கள். நிலையத்தை நெருங்கும்போது, கலத்தைத் திருப்பும் 28 சிறு உந்திகளில் ஐந்து செயலிழந்தன. பிறகு அவற்றுள் நான்கு மீண்டன. அதே வகை உந்தியொன்றைத் தரையில் சூடேற்றி இயக்கிப் பார்த்தபோது, வால்வுக்குள்ளிருந்த டெஃப்லொன் அடைப்பு வீங்கி, எரிபொருளை எரியவைக்கும் ஒட்சியேற்றியின் ஓட்டத்தை நெரிப்பது தெரிந்தது. வீங்கியது மீண்டும் சுருங்கியதா, எவ்வளவு சுருங்கியது, திரும்பும் வழியில் மறுபடி வீங்குமா என்பதற்கு விடை கிடைக்கவில்லை. அந்த உந்திகள் இருக்கும் பகுதி தரையிறங்கும் முன் கழற்றிவிடப்பட்டு வளிமண்டலத்தில் எரிந்துவிடும் என்பதால், பழுதான பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவும் வழியில்லை. ஓகஸ்ட் 24 அன்று, கலம் ஆளில்லாமலே திரும்பும் என்று நாசா அறிவித்தது. செப்டெம்பரில் அது பத்திரமாக இறங்கியது. இருவரும் 2025 மார்ச் 18 அன்று வேறொரு கலத்தில் வந்தார்கள். 'பார்த்தீர்களா, ஏற்றியே வந்திருக்கலாம்' என்று அப்போது பலர் சொன்னார்கள். அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. முடிவெடுத்த நாளில் கையிலிருந்த ஆதாரம் எவ்வளவு என்பதை வைத்தே முடிவை எடைபோட வேண்டும். 1986இல் கேட்காமல் விட்ட கேள்வியை 2024இல் கேட்டார்கள், விடை இல்லாதபோது ஆட்களை ஏற்றவில்லை.

2025 நவம்பரில், ஸ்டார்லைனரின் அடுத்த பறப்பு ஆளில்லாமல் சரக்கோடு மட்டும் செல்லும் என்று நாசா அறிவித்தது. வேகம் குறைந்த முடிவாகத் தோன்றலாம். எனக்கு அது சரியான வரிசையாகவே படுகிறது. உந்திகள் சூடேறுவது அவை அடைபட்டிருக்கும் பெட்டியின் உள்ளே, விண்வெளியில், தொடர்ந்து துடிப்புத் துடிப்பாக இயங்கும்போது. தரையில் அதே நிலையை அப்படியே உண்டாக்குவது மிகக் கடினம். நிலையத்தை நெருங்கும்போதும் பிரிந்து வரும்போதும் அந்தப் பெட்டிக்குள் வெப்பநிலை எவ்வளவு ஏறியது, ஒவ்வோர் உந்தியும் தரவேண்டிய உந்துவிசையைக் கடைசிவரை தந்ததா என்ற அளவீடுகள், யாரும் உள்ளே இல்லாத ஒரு பறப்பிலிருந்து வரவேண்டும். அவை வந்து, அவற்றை ஐயத்தோடு பார்க்கும் வேலை ஒப்படைக்கப்பட்டவர்கள் பார்த்து, மறுப்பு இருந்தால் அது எழுத்தில் பதிவான பிறகே, இருக்கையில் யார் அமர்வது என்ற கேள்வியை எடுக்கலாம்.